தொடரும் பெயர், மாறிய மேடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் லண்டன் சென்றிருந்தபோது சோண்ட்ஹைம் அரங்கில் ‘லே மிஸராப்ல’ பார்த்தேன். 1985 முதல் ஓடிக்கொண்டிருக்கும் இசைநாடகம் என்பதால், நீங்கள் முன்பு எழுதியிருந்த சுழல்மேடையைக் காணும் ஆவலோடு போனேன். அப்படியொன்று அங்கே இல்லை. நாடகம் பிடித்திருந்தது, இருந்தாலும் மனம் ஆறவில்லை. இப்படி விளம்பரம் செய்வது முறையா? அடுத்த முறை எதைப் பார்த்து டிக்கெட் வாங்குவது?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் மனக்குறை நியாயமானது. 1985 அக்டோபரில் லண்டனின் பார்பிகன் அரங்கில் ட்ரெவர் நன்னும் ஜான் கெயர்டும் இயக்கி, ஜான் நேப்பியர் அரங்கம் அமைத்த அந்த மேடையாக்கம் 2019 ஜூலையில் முடிந்துவிட்டது. குயின்ஸ் என்ற பெயரில் இருந்த அரங்கைப் புதுப்பித்து, சோண்ட்ஹைம் என்று பெயர் மாற்றி, அவ்வாண்டு டிசம்பரில் திறந்தபோது அங்கே வந்தது, லாரன்ஸ் கானரும் ஜேம்ஸ் பவலும் இயக்கி 2009 முதல் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த வேறொரு மேடையாக்கம். ஆண்டுக்கணக்கு மட்டும் 1985இலிருந்தே தொடர்கிறது.

நடிகர்கள் மாறுவதையோ, 2004இல் பேலஸ் அரங்கிலிருந்து குயின்ஸுக்கு இடம் மாறியதையோ நான் குறையாகக் கருதவில்லை. பல்லாண்டுகள் ஓடும் எந்த நாடகத்துக்கும் அவை இயல்பானவை. ஆனால் இயக்கமும் அரங்க அமைப்பும் மாறும்போது, பார்வையாளர் காணும் காட்சியே மாறிவிடுகிறது. பழைய மேடையாக்கத்தில், சண்டை ஓய்ந்ததும் தடுப்பரண் மெல்லச் சுழன்று மறுபக்கத்தைக் காட்டும். அங்கே செங்கொடியின்மேல் தலைகீழாகக் கிடப்பான், கிளர்ச்சி செய்யும் மாணவர்களின் தலைவன் ஆன்ஜோல்ராஸ். புதியதில் அவன் உடல் ஒரு தள்ளுவண்டியில் வருகிறது. இரண்டாவதும் மனத்தைத் தொடுகிறது, ஆனால் முதலாவதில் அந்த மரணத்தை நமக்குக் காட்டியது மேடையே. அந்த அனுபவத்தை இன்று டிக்கெட் வாங்கும் எவரும் பெற முடியாது.

தயாரிப்பாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: ஷோன்பர்கின் இசையும் கதையும் அவையேதான், ஆகவே படைப்பு தொடர்கிறது என்று அவர்கள் சொல்லலாம். அதை ஏற்கிறேன். அப்படியானால், மேடையாக்கம் புதியது என்ற ஒரு வரியை விளம்பரத்தில் தெளிவாகச் சேர்ப்பதில் என்ன தயக்கம்? கணக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால், சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் அந்தப் பெரிய எண் போய்விடும் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். லண்டனில் ஓடிய ‘ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்’ இசைநாடகம் 1992இல் பெரிதும் திருத்தப்பட்டபோது, தலைப்பிலேயே ‘புதிய’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. நியூயார்க்கின் பிராட்வேயில் 1996 முதல் ஓடும் ‘சிகாகோ’, 1975இன் முதல் மேடையாக்கத்தைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. நேர்மையாகச் சொல்வதால் வசூல் கெட்டுவிடாது என்பதற்கு இவையே சான்று.

இன்னொரு நெடுங்கால இசைநாடகமான ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா’ 2021 ஜூலையில் லண்டனில் மீண்டும் தொடங்கியபோது, 27 பேர் இருந்த வாத்தியக் குழு 14 பேராகக் குறைக்கப்பட்டது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. சுவரொட்டியில் அதே முகமூடி இருந்ததால், பலருக்கு அந்தக் குறைப்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த முறை, சுவரொட்டியின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள இயக்குநர், அரங்க வடிவமைப்பாளர் பெயர்களைப் பாருங்கள். அவை முதல் மேடையாக்கத்தின் பெயர்களோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். வாத்தியக் குழுவின் அளவைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்.