குரோன் நோயுள்ள கணவரைக் கவனித்துக்கொள்கிற மனைவி தன் மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: கணவருக்கு மூன்று வருடமாகக் குரோன் நோய். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருக்கிறோம். சில நாள் அவர் மேல் கடுங்கோபம் வருகிறது. நோயாளியிடம் கோபப்பட்டுவிட்டோமே என்று பிறகு அழுகை வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: குடல் அழற்சியால் அடங்குவதும் கிளம்புவதுமாக நீடிக்கும் இந்த நோய் எங்கள் வீட்டிலும் உண்டு. எங்கள் கதையை விட்டுவிட்டு, உங்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே எழுதுவதை உங்கள் குடல் நிபுணரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர், அம்மா பக்கத்தில் இல்லை, சாட்ஸ்வொர்த் அல்லது ஃபீனிக்ஸ் பக்கம் மாமியாரோடு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மனதைப் பற்றிக் கேட்டால் மாத்திரை, தண்ணீர்க் கேன் என்று பேசுகிறானே என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். கூட இருப்பவரை இந்த நோய் களைத்துப்போக வைப்பது பெரும்பாலும் இரண்டு வழியில்தான்: நாள் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, எது யார் வேலை என்று பேசி வைக்காமல் எல்லாவற்றையும் ஒருவரே சுமப்பது. இந்த இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, தியானம் செய், நல்லதையே நினை என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அவருடைய கோபம். நோய் கிளம்பும்போது பெரும்பாலும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். நாளைக்கு 40 மி.கி. அளவில் தொடங்கி, நோய் அடங்கியதும் வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைப்பது பரவலான முறை. ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் ஆளே மாறினாற்போல இருக்கலாம். நடுராத்திரியில் எழுந்து அலமாரியை அடுக்குவார், உப்புக் குறைந்ததற்குக் கத்துவார், அரை மணி நேரத்தில் கண்கலங்குவார், பசி பசி என்பார். இதில் பெரும்பங்கு மருந்தின் வேலை. அன்றைய அளவு முழுவதையும் காலைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டால் தூக்கம் ஓரளவு மிஞ்சும். சாயங்காலத்துக்குத் தள்ளினால் இரவு போய்விடும். அளவு குறையும் வாரங்களில் சோர்வு, மூட்டுவலி, மனத்தளர்ச்சி வரலாம். உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசாலை அந்த மருந்து அடக்கி வைத்திருப்பதால் அதை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் எத்தனை மி.கி. என்று எழுதி வையுங்கள். வாக்குவாதம் முற்றும்போது அந்த எண்ணைப் பார்த்தால் எவ்வளவுக்குப் பதில் சொல்லலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும். வீடு மாறுவது, வேலையை விடுவது மாதிரியான முடிவுகளை அளவு நன்றாக இறங்கும்வரை தள்ளிப்போடுங்கள். மருந்துதான் காரணம் என்பதால் வசவையெல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கை ஓங்கினால் முதலில் அங்கிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். செத்துவிடலாம் என்று அவர் பேசினால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கோபம் வேறு. அது எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இரவில் அவர் பலமுறை எழுந்துபோன மறுநாள் காலையிலும், கிளம்பி நிற்கும்போது 'நான் வரவில்லை' என்று அவர் உட்கார்ந்துவிட்ட வேளையிலும்தான் அது அதிகம் வந்திருக்கும். முதலாவதற்கு நீங்கள் நன்றாகத் தூங்குவதுதான் மருந்து. வாரத்தில் இரண்டு இரவு நீங்கள் வேறு அறையில் படுங்கள். அது விலகல் இல்லை என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவதற்கு, எந்த அழைப்பு வந்தாலும் இரண்டு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் புனித வெள்ளியன்று போவதென்றால், அவர் வந்தால் கூட்டம் சேருவதற்கு முன் விடியற்காலையில் போய்த் திரும்புவது. வர முடியாவிட்டால் நீங்கள் நாத்தனாரோடு போவது. முதல் நாள் இரவே இது முடிவாகியிருந்தால் காலையில் சண்டைக்கு இடமில்லை. நீங்கள் தனியாகப் போய் வந்தால் அவரும் 'என்னால்தான் இவளுக்கு ஒன்றுமில்லாமல் போனது' என்று குமைய வேண்டியிருக்காது.

அடுத்தது கண்காணிப்பு. பாத்ரூம் கதவுச் சத்தத்தை எண்ணுவது, தட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது, 'எப்படி இருக்கு?' என்று மணிக்கொரு தடவை கேட்பது. இது உங்களையும் அரிக்கும், அவருக்கும் சிறையாகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை மூன்று விஷயம் கேளுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை தடவை போனது, ரத்தம் உண்டா. அவரே ஒரு நோட்டில் எழுதட்டும். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டு நீங்கள் ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட நூறு மடங்கு உதவும். மற்ற நேரத்தில், அவராகச் சொன்னாலொழிய, நோயைப் பற்றிப் பேச்சில்லை.

கேட்காமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருக்கும். அதற்கு எல்லைக்கோடு வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட வேண்டியவை இவை: வயிறு உப்பி, வாந்தியோடு, காற்றும் மலமும் போகாமல் நின்றால் குடல் அடைப்பாக இருக்கலாம்; எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போது 38 பாகைக்கு மேல் காய்ச்சல்; ஆசனவாய்ப் பக்கம் உட்கார முடியாத வலியோடு வீக்கம், அது சீழ்க்கட்டியாக இருக்கலாம்; ரத்தம் நிறையப் போவது; தலைசுற்றலோடு சிறுநீர் குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே அவசரப் பிரிவு. இவை இல்லாத சாதாரண வயிற்றுவலிக்கு, மருத்துவர் முன்பே சொல்லி வைத்ததைச் செய்துவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். வலிக்கிறதே என்று வீட்டில் கிடக்கிற மைப்ரோடோல், கிராண்ட்பா பொடி எதையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதலாவதில் இபுப்ரோஃபென் இருக்கிறது, இரண்டாவதில் ஆஸ்பிரின். இந்த வகை வலி மருந்துகள் குரோனைக் கிளப்பிவிடக்கூடும்.

நோய் அடங்கியிருக்கும் மாதங்களில்தான் மனைவிமார் அதிகம் மனம் உடைகிறார்கள் என்பது என் எண்ணம். பரிசோதனையெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் மனிதர் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைப்பதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குரோன் அதிகம் தாக்குவது சிறுகுடலின் கடைசிப் பகுதியை. பி12 உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அந்தப் பகுதி கெட்டிருந்தாலோ வெட்டி எடுத்திருந்தாலோ பி12 குறையும். அதற்கு ஊசி இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் அசதி போகாமல் இருப்பதும் உண்டு. அந்த நிலையில் அவரால் உட்கார்ந்து செய்ய முடிகிற வேலைகளை, பில் கட்டுவது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு பேசுவது எல்லாவற்றையும், அவருடையதாக்கிவிடுங்கள். குரோனுக்கான ஊசியும் அப்படியே. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடலிமுமாப் ஊசிப் பேனா என்றால் அவரே போட்டுக்கொள்ளட்டும். கைநடுக்கம், பார்வைக் குறைவு போன்ற காரணமில்லாமல் நீங்கள் நர்ஸாக மாறிவிட்டால், பிறகு மனைவியாக அவர் பக்கத்தில் போய் உட்காருவது இருவருக்குமே கடினமாகிறது. தாம்பத்தியமும் இதில் அடக்கம். ஆசனவாய்ப் பக்கம் புண்ணோ புரையோடிய துளையோ உள்ளவர்களுக்கு வெட்கமும் வலியும் சேர்ந்து விலக்கிவைக்கும். 'என்னைப் பிடிக்கவில்லையோ' என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்காமல் அவரிடமே நேராகக் கேளுங்கள், நிபுணரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி உறவுக்காரர்கள். 'என்ன சமைத்துப் போட்டாய்?' என்று பெரியம்மா கேட்பார். சமையலால் குரோன் வருவதில்லை; நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் குடலையே தாக்குவது அது. மனக்கவலை அறிகுறிகளைக் கூட்டலாம், ஆனால் உங்கள் வீட்டுச் சண்டையால் வந்த நோய் இல்லை. குடல் சுருங்கிய இடம் உள்ளவர்களுக்கு மட்டும் சோளக்கதிர், பாப்கார்ன், கடலை, தோலோடு பழம் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படிச் சுருக்கம் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காவடிக்கு விரதம் இருக்கச் சொல்லி வற்புறுத்தினால், அவர் பிரெட்னிசோனில் இருக்கும்போது மாத்திரையும் சாப்பாடும் தவறக் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள்; அவருக்குப் பதிலாகத் தம்பி எடுக்கட்டும். இளைத்துப்போனவரைப் பார்த்து டிபி, எச்ஐவி என்று தெருவில் கிசுகிசுப்பதும் இந்த நாட்டில் நடக்கிறது. குடல் காசநோய் குரோனைப் போலவே தோன்றும் என்பதால் மருத்துவர்களே அதைச் சோதித்துத்தான் முடிவு செய்கிறார்கள். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். உறவுக்குத் தகவல் சொல்லும் வேலையை ஒரே ஒருவரிடம், கொழுந்தனாரிடமோ நாத்தனாரிடமோ, ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் போன் பாதி ஓய்ந்துவிடும்.

வீட்டு ஏற்பாடும் மன அமைதியில் சேர்த்திதான். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஒரு தடவை ஃபிளஷ் செய்ய 6 முதல் 9 லிட்டர் ஆகும். பத்து தடவை போகிறவருக்கு 90 லிட்டர் வரை வேண்டும். ஜோஜோ டேங்க் என்ற பெரிய தண்ணீர்த் தொட்டி வைக்க முடியாவிட்டால் 25 லிட்டர் கேன் நான்கையாவது பாத்ரூமில் நிரப்பி வையுங்கள். அடலிமுமாப் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பல தயாரிப்புகளை 25 பாகைக்கு மேல் போகாமல் 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்றாலும், டர்பன் பிப்ரவரியில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். மின்சாரம் போனால் கூலர் பையில், ஐஸ் கட்டி நேராகத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள். காரில் ஒரு பை எப்போதும் இருக்கட்டும்: மாற்று உள்ளாடை, ஈரத் துடைப்பான், ஜிப் பை, துத்தநாகக் களிம்பு.

மெடிக்கல் எய்ட் பற்றிச் சுருக்கமாக. சட்டப்படி எல்லாத் திட்டங்களும் கட்டாயமாக ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் குரோன் இருக்கிறது. படிவத்தில் கே50 என்று தொடங்கும் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதற்கு மேல் மருத்துவத் திட்டங்கள் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

உங்களுக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஆசை போய்விட்டால் அது வெறும் களைப்பு இல்லை. கணவரின் மருத்துவரிடம் போகிற போக்கில் கேட்காமல், உங்கள் பெயரில் தனியாக நேரம் வாங்கிப் போங்கள். சாடாக் என்ற மனநல அமைப்பின் இலவசத் தொலைபேசியும் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்நாட்டின் 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு 3 நாள் தருகிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுக்கலாம். கணவன் இறந்தால் எடுக்கலாம். கணவன் உயிரோடு ஆஸ்பத்திரியில் கிடந்தால் எடுக்க முடியாது. வாழ்நாள் முழுக்க நீடிக்கும் நோய்கள் இத்தனை இருக்கும்போது இதை ஏன் யாரும் திருத்தவில்லை என்று எனக்குப் புரியவில்லை. சில நிறுவனங்கள் தாங்களாகவே கூடுதலாகத் தருகின்றன. நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அவருக்கு நரம்பு வழியே ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து என்றால் முதல் மூன்று தவணைக்குப் பிறகு பொதுவாக 8 வாரத்துக்கு ஒருமுறைதான். வருடத் தேதிகள் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் ஜனவரியிலேயே அவற்றுக்கு அரைநாள் ஆண்டு விடுப்பு எழுதிக்கொடுத்துவிடுங்கள்; ஒன்றுவிட்டு ஒரு தவணைக்கு அவருடைய தம்பி கூடப் போகட்டும், அந்த அரைநாள் உங்களுக்கு.