50 பைசா கார்டில் ஓவியமா?

கேள்வி: என் மகள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். 50 பைசா தபால் கார்டில் எதையாவது வரைந்து, ஒட்டி, முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புகிறாள். கேட்டால் மெயில் ஆர்ட் என்கிறாள். நாங்கள் அந்தக் காலத்தில் பொங்கல் வாழ்த்து வரைந்து அனுப்பியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வெளிநாட்டுக்கும் இதே கார்டு போதுமா? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: பொங்கல் வாழ்த்தில் படம்தான் விஷயம், தபால் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. மெயில் ஆர்ட்டிலோ கோணலாக விழுந்த தபால் முத்திரை, மடங்கிய மூலை எல்லாமே படத்தில் சேர்த்தி.

நியூயார்க்கில் ரே ஜான்சன் என்ற ஓவியர் 1950களிலேயே படங்களை வெட்டி ஒட்டி நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். 'நீங்களும் ஏதாவது சேர்த்து இன்னாருக்கு அனுப்புங்கள்' என்று எழுதிவிடுவார், வாங்கியவர் சும்மா இருக்க முடியாது. 1970இல் அதே ஊரின் விட்னி கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தபோதும், சுவரில் இருந்தவை அவர் அழைப்புக்கு மற்றவர்கள் தபாலில் அனுப்பியவைதான். அப்புறம் மெயில் ஆர்ட் கண்காட்சிகளில் அதுவே வழக்கமாகிவிட்டது: கட்டணம் கிடையாது, தேர்வுக் குழு கிடையாது, வந்ததெல்லாம் சுவருக்குப் போகும், அனுப்பியது திரும்பி வராது. குப்பையும் வரத்தான் செய்யும், வரட்டுமே.

ஜப்பானியரான ஓன் கவாரா 1968 முதல் 1979 வரை தினமும் இரண்டு பிக்சர் போஸ்ட்கார்டு அனுப்பினார். அன்று தான் எழுந்த நேரத்தை ரப்பர் ஸ்டாம்பால் குத்தியிருப்பார். நலம் விசாரிப்புகூட இல்லை! எனக்கு என்னவோ இதுதான் பிடிக்கிறது.

விளையாட்டு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உருகுவேயில் ராணுவ ஆட்சி நடந்தபோது அதை எதிர்த்துத் தபால்தலை மாதிரி செய்து அனுப்பிய கிளெமென்டே படின் என்ற கலைஞரை 1977இல் சிறையில் போட்டார்கள். பல நாட்டுக் கலைஞர்களும் கடிதம் கடிதமாக எழுதி அந்த அரசை நெருக்கினார்கள், 1979இல் வெளியே வந்தார்.

வெளிநாட்டுக்கு 50 பைசா கார்டு செல்லாது, அது உள்நாட்டுக்கு மட்டும். கெட்டி அட்டையில் வரைந்து, எவ்வளவு ஸ்டாம்ப் என்று கவுண்டரில் கேட்டு ஒட்டச் சொல்லுங்கள். அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் தபால்தலை சேகரிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, படத்துக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்கலாம். முகவரியை மட்டும் பால்பாயின்ட் பேனாவில் எழுதட்டும். ஐப்பசி மழையில் படம் கரைந்தால் அதையும் கலை என்று சொல்லிக்கொள்ளலாம், முகவரி கரைந்தால் பாவம், தபால்காரர் என்ன செய்வார்?