சூழலியல் கற்க ஞாயிற்றுக்கிழமை போதுமா?

கேள்வி: கணக்குத் தணிக்கைத் துறையில் வேலை பார்க்கிறேன். வயது 38. பள்ளிக்குப் பிறகு உயிரியல் பக்கமே போனதில்லை. சூழலியலைக் களத்தில் இறங்கிக் கற்க ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. மூன்று நாள் காட்டு முகாம், முடிவில் ‘கள ஆய்வாளர்’ சான்றிதழ் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். மூன்று நாளில் யாரும் கள ஆய்வாளர் ஆகிவிட முடியாது. காட்டைச் சுற்றிப் பார்க்கத்தான் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், அது வேறு. கற்பதுதான் நோக்கம் என்றால் உங்களுக்குத் தேவை நீண்ட விடுப்பு அல்ல, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் போதும்.

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் பாருங்கள். பூங்காவின் பராமரிக்காத மூலை, குளக்கரை, காலி மனை, எதுவானாலும் சரி. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு குச்சிகளைக் கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்யுங்கள். அதை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். பூ நிறைய இருக்கிற இடமாகப் பார்த்து வைப்பார்கள். நீங்கள் தணிக்கையில் ரசீதுகளை எப்படித் தற்போக்கில் பொறுக்கி எடுக்கிறீர்களோ, அப்படியே இங்கும். இரண்டு அளவு நாடாக்களைத் தரையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்து, கைபேசி தரும் தற்போக்கு எண்களை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். சட்டத்துக்குள் எந்தச் செடி எத்தனை சதவீதம் பரவியிருக்கிறது, வெறும் மண் எவ்வளவு என்று எழுதுங்கள். பெயர் தெரியாதா? ‘செடி 1’, ‘செடி 2’ என்று எழுதிப் படம் எடுத்து வையுங்கள். பெயர் மெல்ல வரும்.

ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில் சில சட்டங்கள், அதிலிருந்து பத்து மீட்டர் தள்ளிச் சில சட்டங்கள் என்று எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் பெரும்பாலும் புல்லும், தரையோடு இலை விரித்த செடிகளும்தான் இருக்கும். அவற்றின் வளர்முனை தரையை ஒட்டி இருப்பதால் மிதிபட்டாலும் பிழைக்கின்றன. உயர்ந்து வளரும் செடிக்கு முனை உச்சியில், மிதித்தால் போச்சு. புத்தகத்தில் உணவுப் பிரமிடு வரைந்து மதிப்பெண் வாங்கியவர்களில் பாதிப் பேர் இதை ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். கல்லூரிகளும் களவகுப்பு என்றால் பெரும்பாலும் வார நாளில்தான் வைப்பார்கள். வேலைக்குப் போகிறவர் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

செடி அலுத்தால் பட்டாம்பூச்சி. ஒரு பாதையை முடிவு செய்து, வாரம் ஒருமுறை ஒரே வேகத்தில் நடந்து, இருபக்கமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர், அதற்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். பிரிட்டனில் 1976 முதல் இந்த முறையில்தான் எண்ணி வருகிறார்கள். எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒன்றும் தென்படாத நாளையும் எழுதுங்கள், பூஜ்யமும் தரவுதான். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு செயலி ‘அடையாளம் கண்ட பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தீர்களா’ என்று கேட்பதே, எது இல்லை என்பதும் தெரியத்தான்.

இனி எச்சரிக்கை. விளம்பரத்தில் ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று இருந்தால், அங்கீகரித்தது யார் என்று கேளுங்கள். பல நேரம் அந்த நிறுவனமே தன்னை அங்கீகரித்துக்கொண்டிருக்கும். இடையில் ஒரு தரகர் ஜீப், தங்கும் விடுதி, ‘ஆய்வாளருடன் ஒரு மாலை’ எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பார். முகாம் நடத்துகிறவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இங்கே என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், போன வருடத் தரவு எங்கே, நான் எடுக்கும் அளவுகள் என்னிடமே இருக்குமா, தவறாக அடையாளம் சொன்னால் யார் திருத்துவார்? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். வழிகாட்டி ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைத்தாலோ, கூட்டருகே நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாலோ அங்கே கற்க ஒன்றுமில்லை. இல்லாத போட்டியாளனைத் துரத்தப் பறவை தன் நேரத்தை வீணடிக்கிறது, அவ்வளவுதான். கைபேசி சொல்லும் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். உயிரினங்களின் படத்தைப் போட்டுப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னாலே பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெற்றுவிடும். இரண்டாமவர் ‘ஆமாம் சாமி’ போடுகிறவராகவும் இருக்கலாம்.

தனியாகக் கற்கவே கூடாத ஒன்று உண்டு: உயிருள்ள விலங்கைக் கையில் எடுப்பது. அடையாளத்துக்காகப் பறவையின் காலில் வளையம் போடுவது, வலை கட்டுவது, வௌவால், பாம்பு எல்லாம் இதில் சேரும். இதற்கு ஆசிரியர் வேண்டும், பணம் கேட்டால் கொடுக்கலாம். பறவைக்கு நம்மைப் போல் மூச்சிழுக்க உதவும் தசையான உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. பாசத்தில் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால்தான் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே விட்டு, மார்பை அழுத்தாமல் பிடிக்கப் பழக்குகிறார்கள். அது காணொளி பார்த்து வராது, மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். வௌவால் என்றால் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பயிற்சிச் சான்றிதழ் வேறு, அரசு உரிமம் வேறு. கற்றுத்தருபவரின் உரிமத்தை நேரில் கேட்டுப் பாருங்கள், முகம் சுளித்தால் நடையைக் கட்டுங்கள். விலங்கைக் கையாள உங்களுக்கென்று அனுமதி கேட்டால் கோப்பு மேசை மேசையாக நகரும். அதற்குள் பூத்தது காய்த்து உதிர்ந்திருக்கும். சுற்றுலா ஜீப்புக்கு மட்டும் விடியற்காலையிலேயே காட்டின் கதவு திறக்கும்!

அதனால் இப்போதைக்கு செடியும் பட்டாம்பூச்சியும் போதும். முகாமுக்கு ஒதுக்கிய பணத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவு நாடா, கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். பேனா வேண்டாம், மழையில் மை கரையும். பென்சிலால் எழுதுங்கள். தேதி, நேரம், வானிலை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். ஒரு வருடம் ஓடியபின், உங்கள் நோட்டிலிருந்து எழுந்த கேள்வி ஏதாவது இருந்தால், அதற்கென்று ஒரு பயிற்சி வகுப்பைத் தேடலாம்.