அப்பாவின் பெட்டியில் இருந்த செம்புக் குழாய்க் கருவிகள்

கேள்வி: என் தந்தை குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய கருவிப் பெட்டியில், முனை ஒல்லியாகவும் அதற்குமேல் சற்றுத் தடித்தும் இருக்கும் எஃகு உளிகள் சில உள்ளன. இரண்டாகப் பிரிந்து, வெவ்வேறு அளவுத் துளைகளோடு சேரும் சட்டம் ஒன்றும், அதன்மேல் மாட்டும் கூம்பு முனைத் திருகும் இருக்கின்றன. இவை எதற்குப் பயன்பட்டவை? இன்றைய ஏ.சி. வேலைக்கு உதவுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உளி போன்றவை ஸ்வேஜிங் பஞ்ச், சட்டமும் திருகும் சேர்ந்தது ஃபிளேரிங் டூல். இரண்டுமே செம்புக் குழாயின் வாயை அகலப்படுத்துபவைதாம். ஆனால் நோக்கம் வேறு.

பஞ்சின் ஒல்லியான முனை குழாயின் உள்விட்டத்துக்கும், தடித்த பகுதி அதன் வெளிவிட்டத்துக்கும் பொருந்தும்படி கடையப்பட்டிருக்கும். குழாயைச் சட்டத்தில் இறுக்கி, அதன் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலான நீளம் வெளியே நிற்கும்படி வைத்து, பஞ்சில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, சுத்தியலால் மெல்ல அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பஞ்சைக் கால் சுற்றுத் திருப்பினால்தான் அது குழாய்க்குள் சிக்கிக்கொள்ளாது. இப்படி விரிந்த வாய்க்குள் அதே அளவுள்ள இன்னொரு குழாயைச் செருகிப் பற்றவைத்தால், நடுவிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள் உருகிய பற்றவைப்புக் கம்பி தானாகவே இழுக்கப்படும். கடையில் வாங்கும் கப்ளிங் என்ற இணைப்புத் துண்டைப் போட்டால் இரண்டு இடங்களில் பற்றவைக்க வேண்டும். இங்கே ஒன்றே போதும், கசிவுக்கான வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறையும். நான் இந்த முறையின் பக்கமே நிற்பதற்குக் காரணம் இதுதான். காசு மிச்சமாவது அப்புறம்.

ஃபிளேரிங் டூல் நெருப்பில்லாத இணைப்புக்கானது. கூம்பைத் திருகி இறக்கும்போது குழாயின் வாய் 45 பாகைச் சரிவில் விரிந்து, ஃபிளேர் நட்டினால் பித்தளை முனையோடு அழுந்துகிறது. நட்டை முதலில் குழாயில் கோத்துவிட வேண்டும். வாயை விரித்த பிறகே அது நினைவுக்கு வந்து, செய்ததை வெட்டி எறியாத மெக்கானிக் யாரும் இருக்க மாட்டார்.

கேள்வி: ஐ.டி.ஐ. மாணவன் நான். பஞ்ச் அடிக்கும்போது குழாயின் வாய் அடிக்கடி கிழிந்துவிடுகிறது. அடி பலமாக விழுவதாலா?
- வாசகர், ஓசூர்

பதில்: அடியின் பலம் பாதிக் காரணம்தான். செம்பு, அடிக்க அடிக்க இறுகும் உலோகம், வளைத்தாலும் அப்படியே. நீளமாக வரும் கெட்டிக் குழாய் ஏற்கெனவே இறுகிய நிலையில் இருப்பதால், விரியாமல் பிளக்கிறது. அதன் முனையை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் பழையபடி இளகிவிடும். அவசரமென்றால் தண்ணீரில் நனைக்கலாம். எஃகைப் போலச் செம்பு அதனால் கெட்டிப்படாது. சுருளாக வரும் குழாய்க்குப் பொதுவாக இது தேவைப்படாது.

இன்னொரு காரணம் பிசிறு. பைப் கட்டர் குழாயை வெட்டும்போது உள்விளிம்பைச் சற்று உட்புறமாக மடக்கிவிடும். அதை ரீமரால் சீவாமல் விரித்தால், கிழிசல் அந்த விளிம்பிலிருந்தே தொடங்கும். சீவும்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். உள்ளே விழும் ஒரு தூள் போதும், கம்ப்ரசரைக் கெடுக்க.

திண்டுக்கல் வாசகரின் இரண்டாவது கேள்வி பாக்கியிருக்கிறது. பஞ்ச் இன்றைக்கும் அப்படியே உதவும். ஃபிளேரிங் டூலில்தான் கவனம் தேவை. ஏ.சி.யில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ வாயுவின் அழுத்தம் பழைய ஆர்-22ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால், விரிந்த வாய் சற்று அகலமாக அமைய வேண்டும்: 1/4 அங்குலக் குழாய்க்கு 8.7 முதல் 9.1 மி.மீ. வரை. புதிய கருவியில் குழாயைச் சட்டத்தின் மேல் அரை மி.மீ.க்குள் நீட்டி வைத்தாலே இந்த அகலம் கிடைத்துவிடும். பழைய திருகு வகையில் 1.5 முதல் 2 மி.மீ. வரை நீட்ட வேண்டும். அதற்கு முன் கூம்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தடுக்கினால், அந்தக் கீறல் ஒவ்வொரு குழாயின் வாயிலும் பதிந்து, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாயு அதன் வழியே கசிந்துகொண்டிருக்கும்.