லூட், விஹுவேலா இசையைப் பியானோவில் வாசிப்பது: கேள்வி பதில்

கேள்வி: டேப்லேச்சரைப் பார்த்துப் பியானோவுக்கு எழுதும்போது ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். லூட்டும், கிதார் வடிவிலிருக்கும் ஸ்பானிய விஹுவேலாவும் பழைய தந்தி வாத்தியங்கள்; அவற்றின் இசை டேப்லேச்சர் என்ற குறியீட்டில் இருக்கிறது, அதில் ஒரு கோடு ஒரு தந்தி. அது எந்தத் தந்தி, எந்த மெட்டு (விரலால் அழுத்தும் கட்டம், ஃப்ரெட்) என்று மட்டும்தான் சொல்லும். மேலே இருக்கும் தாளக் குறி அடுத்த மீட்டு எப்போது என்பதற்கு, இந்தச் சுரம் எப்போது அடங்கும் என்பதற்கு அல்ல. அதனால் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தந்தி தந்தியாகப் பாருங்கள். அதே தந்தியில் அடுத்த சுரம் வந்தால் முந்தையது அங்கே செத்துவிடும், பியானோவிலும் விரலை எடுத்துவிட வேண்டும். வேறு தந்தி என்றால், இடது கை விரல் அங்கேயே இருக்க முடியுமா என்று யோசித்து, முடிந்தால் நீட்டலாம். இந்த வேலையைச் செய்யாமல் எல்லாவற்றையும் காலால் பெடலை அழுத்தி நீட்டினால், ஒரே நேரத்தில் ஓடும் மூன்று குரல்களும் (இசை வரிகளும்) ஒரே குழம்பாகிவிடும். பெடலை மறந்துவிட்டு முதலில் விரலால் வாசியுங்கள்.

கேள்வி: ஸ்பானிய விஹுவேலா கலைஞர் மிலானின் 1536 புத்தகத்தை எழுதிப் பார்த்தேன், வெறும் சத்தமாக வருகிறது.

தலைகீழாகப் படிக்கிறீர்கள். மற்ற ஸ்பானிய விஹுவேலா புத்தகங்களில் கீழ்க்கோடுதான் உச்சத் தந்தி. மிலானிடம் மட்டும் மேல்கோடு.

கேள்வி: பெடல் எவ்வளவு போடலாம்?

மேலே சொன்னேன்.

கேள்வி: விஹுவேலா இசையைக் கிதாரில் வாசிக்க, மூன்றாம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால் போதுமா?

விஹுவேலாவின் இடைவெளி அமைப்பு வந்துவிடும். மற்றதைக் கிதார்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: தந்தி வாத்தியத்துக்கு எழுதியதைப் பியானோவில் வாசிப்பதே தவறு இல்லையா?

இல்லை. வெனேகாஸ் டி ஹெனெஸ்ட்ரோசாவின் 1557 புத்தகத் தலைப்பிலேயே விசைப்பலகை, ஹார்ப், விஹுவேலா மூன்றும் இருக்கின்றன. ஸ்பானிய இசையமைப்பாளர் கபெஸோனின் 1578 தொகுப்பும் அப்படித்தான். லூட் கலைஞர் டவுலண்டின் 'லாக்ரிமே' பவானை (பவான் ஒரு நிதான நடன இசை) பர்ட், ஸ்வேலிங்க் என்ற இசையமைப்பாளர்களும் விசைப்பலகைக்கு எழுதினார்கள்.

அதே நண்பர் மறுபடி: அந்த விசைப்பலகை ஆர்கன், கிளாவிகார்ட் போன்றவைதானே, பியானோ அல்லவே?

உண்மை, ஒத்துக்கொள்கிறேன். கிறிஸ்டோஃபோரியின் பியானோ 1700 வாக்கில்தான் வருகிறது. இன்றைய பியானோவின் கனத்த கீழ்ச்சுரங்கள் (பாஸ்) லூட்டின் குடல் தந்தியைவிட ரொம்ப நேரம் முழங்கும், அங்கேதான் ஆபத்து. அதற்காகக் கைவிட வேண்டியதில்லை, பாஸை மெலிதாகத் தொட்டால் போதும். என் கோபம் பாஸை இரட்டித்து எண்சுர இடைவெளியில் (ஆக்டேவ்) தடித்த கார்டுகளாக்கும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்குகளாக்கும்) பதிப்புகள் மேல்தான். வாங்கும் முன் முதல் பக்கத்தின் இடது கையைப் பாருங்கள், மூலத்தில் ஒரே சுரம் இருக்கும் இடத்தில் இரண்டு இருந்தால் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காலப் பாடகர் ஏடுகளில் ஷார்ப், ஃப்ளாட் (சுரத்தை அரைச்சுரம் ஏற்றும், இறக்கும் குறிகள்) பல இடங்களில் எழுதப்படாமல் பாடுபவர் பொறுப்பில் விடப்பட்டிருக்கும். டேப்லேச்சரிலோ மெட்டே குறிக்கப்படுவதால் அரைச்சுரம் துல்லியமாகத் தெரிகிறது. விஹுவேலா கலைஞர் நார்வாயெஸ் 1538இல் இசையமைப்பாளர் ஜோஸ்கானின் ஒரு பாடலை விஹுவேலாவுக்கு மாற்றினாரே, 'பேரரசரின் பாட்டு' என்று பெயர் பெற்றது, அதில் அவர் எந்த மெட்டை எழுதினாரோ அதையே வாசியுங்கள். காதுக்கு விநோதமாக இருக்கிறதே என்று 'திருத்த' வேண்டாம்.

கேள்வி: வேகம் என்ன வைப்பது? பெடலும்?

மிலானே சொல்லியிருக்கிறார்: கார்டுகள் நிதானமாக, ஓட்டங்கள் விரைவாக. ஒரே வேகத்தில் மெட்ரோனோம் வைத்து அடிக்காதீர்கள். பெடல் பற்றி இரண்டாம் முறை கேட்கப்படுகிறது, முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: விஹுவேலா கலைஞர் முதார்ராவின் 1546 ஃபேன்டசியாவில் (கற்பனையாக அமைத்த வாத்திய இசை), ஹார்ப் கலைஞர் லுடோவிகோவின் வாசிப்பைப் பின்பற்றியதில், கடைசிப் பகுதி அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அங்கே சில முரண்சுரங்கள் வரும், நன்றாக வாசித்தால் கெட்டதாகத் தோன்றாது என்று முதார்ராவே அச்சில் குறிப்பு போட்டிருக்கிறார். ஹார்ப்பில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தந்தி, ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று மேலே ஏறும். அந்த மோதலை அவர் விஹுவேலாவில் கொண்டுவருகிறார். சரி, பெடல் கேட்ட இருவருக்கும் இப்போது சொல்கிறேன்: இந்த இடத்தில் மட்டும் போடுங்கள், பாதி அழுத்தம்.