கொடையாளர் படத்தைப் புகழ் மண்டபச் சுவரில் மாட்டலாமா?

சாதித்தவர்களின் படங்களை வைத்துப் போற்றும் புகழ் மண்டபம் ஒன்றை உங்கள் கிளிநொச்சிப் பழைய மாணவர் சங்கம் அமைக்கிறது; அதற்குக் காசு தந்தவரின் படத்தையும் மாட்டுவதா என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்கிறீர்கள். மாட்ட வேண்டாம். மண்டபம் கட்டக் காசு தந்தவருக்கு வாசலில் தனிக் கல்வெட்டு வையுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. புகழ் மண்டபச் சுவர் தன் துறையில் சாதித்தவருக்கு உரியது.

சங்கம் இப்படிப் பிரிந்து நிற்பதற்கு அந்தக் கொடையாளர் காரணமில்லை என்றே நினைக்கிறேன். யாரைச் சேர்ப்பது என்ற விதியை எழுதும் முன்பே காசு சேர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் 1939 இல் திறந்த பேஸ்போல் புகழ் மண்டபத்தில், பேஸ்போல் பத்திரிகை எழுத்தாளர்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும்போது 75 வீத வாக்கு வேண்டும். ஐசிசி எனும் சர்வதேச கிரிக்கெட் சபையின் புகழ் மண்டபத்துக்கு, ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முரளிதரனும் காத்திருந்துதான் உள்ளே போனார்.

சரி, இப்போது ஒன்று செய்து பாருங்கள். பட்டியலில் உள்ள பெயர்களை மறைத்துவிட்டு, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதை மட்டும் இரண்டு வரியில் எழுதி, இரு தரப்பிடமும் கொடுங்கள். பெரும்பாலான இழுபறி அங்கேயே தீரும்.

ஆனால் கிளிநொச்சி அடங்கிய வன்னியில் ஒரு சிக்கல் உண்டு. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வில் எத்தனையோ பாடசாலைகளின் சேர்வுப் பதிவேடுகளும் அன்றாட நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் போய்விட்டன. ஆவணம் இருப்பவரை மட்டும் சேர்த்தால், எடுத்துச் சொல்லப் பிள்ளைகள் இல்லாத ஆசிரியர்களும் மருத்துவிச்சிகளும் விடுபட்டுப் போவார்கள். ஓய்வுபெற்ற அதிபர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் வருடத்தில் சுவரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.