குறைமாசப் பிரசவம்னா அம்மாவுக்கு ஏன் ஸ்டீராய்டு ஊசி?
அந்த ஊசி அம்மாவுக்கில்ல, வயித்துல இருக்கற குழந்தையோட நுரையீரலுக்குங்க. குறைமாசத்துல பொறக்கற குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட்ங்கற வழவழப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது, அது இல்லன்னா மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரல்ல இருக்கற குட்டிக் குட்டி காத்துப்பைங்க ஒட்டிக்கும், குழந்தை மூச்சுக்குத் திணறும்.

ஸ்டீராய்டு போட்டா அம்மா வழியா அது குழந்தைக்குப் போய், நுரையீரல் சீக்கிரம் தயாராகி அந்தப் பொருள் சுரக்க உதவும். இந்த வழியக் கண்டுபிடிச்சது நியூசிலாந்து ஆக்லாந்துல இருந்த மகப்பேறு டாக்டர் கிரஹாம் லிகின்ஸ். அவர் தேடினதே வேற, பிரசவ வலிய எது தொடங்கி வைக்குதுன்னு பாக்கத்தான் செம்மறி ஆட்டோட வயித்துக் குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பாத்தார். ரொம்ப சீக்கிரமே பொறந்துட்ட ஒரு குட்டி, நியாயமா செத்திருக்கணும், ஆனா மூச்சு விட்டுட்டு இருந்துச்சு! வேற ஆளா இருந்தா ஏதோ அதிர்ஷ்டம்னு விட்டிருப்பாங்க, இவர் விடல. குழந்தை டாக்டர் ஹோவியோட சேர்ந்து 282 தாய்மார்கள்கிட்ட சோதனை பண்ணி 1972ல வெளியிட்டார், மூச்சுத்திணறலும் சாவும் நல்லாவே குறைஞ்சுது. ஆனா அமெரிக்காவுல எல்லாருக்கும் கொடுங்கன்னு நிபுணர் குழு சொன்னது 1994லதான், 22 வருஷம் கழிச்சு, கொடுமை.

நம்ம ஊர்ல பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டுதான், 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு நாலு ஊசி. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆகும், அதனாலதான் வலி வந்தவுடனே அவசரமா போடறாங்க.